பச்சைக் கார்டா, நீலக் கார்டா

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி ஏமாற்றிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வெயில். பள்ளிக்குப் போகிற குளத்தூர் பஸ்சில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

செய்ய வேண்டியவை: பள்ளி ஆபீசில் சம்பளப் பட்டியல். கேஸ் புக்கிங். கரண்ட் பில். அம்மாவுக்கு வாஷிங் மிஷின்.

கடைசியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அம்மா கீரனூரில் தனியாக. ஆடியில் குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்து மூன்று வாரம். டாக்டர் சொன்னது: துணி பிழியக் கூடாது. அம்மா சொல்வது: "பிழியாம எப்படிடி காயும்?" நேற்றுப் போனபோது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. நான் ஒரே பிள்ளை. நான் வாங்கவில்லை என்றால் யாரும் வாங்கப் போவதில்லை.

போனில் தீபாவளி சேல் ஓடுகிறது. பார்த்து வைத்தது: ஆறரை கிலோ, மேலே திறக்கிற மாடல், 14,990.

இனி பிரச்சினை. என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டு.

பச்சை – அவர் பெயரில். குவைத் போகும்போது "வீட்டுச் செலவுக்கு வச்சுக்க" என்று என் கணவர் கொடுத்துவிட்டுப் போனது. இந்த சேலில் பத்து பர்சென்ட் தள்ளுபடி. 1,499 மிச்சம். மாதாமாதம் பில் கட்டுவது என் சம்பளத்தில். அவர் அனுப்புகிற பணம் மாடி கட்டிய கடனுக்கே சரியாகப் போகிறது.

நீலம் – என் பெயரில். சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க்காரர்கள் பள்ளிக்கே வந்து கையெழுத்து வாங்கி, பள்ளி முகவரிக்கே அனுப்பியது. வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்கு மாதமாக ஆபீஸ் டிராயரில், கவர்கூடப் பிரிக்காமல். தள்ளுபடி ஒரு பைசா கிடையாது.

எதில் வாங்குவது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடப் பச்சை என்று சொல்லும். சின்னக் குழந்தைக்கு என் கொழுந்தன் ரமேஷைத் தெரியாது.

அக்டோபர் 7, செவ்வாய்

அதே புழுக்கம். இட்லி மாவு புளித்துவிட்டது. எனக்கும்.

பச்சைக் கார்டில் எது வாங்கினாலும் ஓடிபி அவருடைய ஊர் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மைக் குவைத்துக்குக் கொண்டுபோனால் ரோமிங்கில் காசு போகும் என்று தம்பி போனில் போட்டுவிட்டுப் போனார். என் போனிலும் இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தது. கேட்டேன். "அவன் சும்மாதானே இருக்கான். ஒனக்கெதுக்கு அந்தத் தொல்லை?" எவ்வளவு அக்கறை.

ஆக, நான் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் ரமேஷுக்கு போன் போட்டு நம்பர் கேட்க வேண்டும். உடனே சொல்ல மாட்டான். மூன்று நிமிடத்தில் ஓடிபி காலாவதி என்று அவனுக்குத் தெரியும். அந்த மூன்று நிமிடமும் ரமேஷ் துரை கேள்வி கேட்பார். இந்த வருடம் கேட்டவை:

ஜனவரி. நைட்டி இரண்டு. "ஒண்ணு பத்தாதா மதினி?"

மார்ச். குக்கர் கேஸ்கட். "நம்ம டவுன்லயே கெடைக்குமே."

ஜூன். உள்ளாடை. "எண்ணூத்தி நாப்பதா? அப்படி என்ன மதினி வாங்குறீங்க?" போனை வைத்துவிட்டேன். சனிக்கிழமை கீழ ராஜ வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன்.

ஆகஸ்ட். ஒன்றும் வாங்கவில்லை. கார்டில் பாயின்ட் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தேன். பூஜ்யம். மொத்தத்தையும் மாற்றி அவன் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான். தினமும் காலையில் மாடியில் அலறுவது அதுதான். என் பாயின்ட்.

எனக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருட சர்வீஸ். பாவாடை வாங்க ஒரு வேலையில்லாத பயலின் அனுமதி. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் கணக்கு டீச்சர் புவனா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே: "ஆயிரத்தஞ்சூறு ரூவா சும்மா வருதுங்குறப்ப ஏன் விடணும்? ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுருங்க."

கணக்கு டீச்சர். கணக்காகத்தான் பேசுவாள்.

அக்டோபர் 8, புதன்

பல்லைக் கடித்தேன்.

இடைவேளையில் பச்சைக் கார்டு நம்பர் போட்டு, கீரனூர் முகவரி கொடுத்து, ரமேஷுக்கு போன்.

"மதினி, பதிமூவாயிரத்து நானூத்திச் சொச்சம்னு வந்திருக்கு. என்ன வாங்குறீங்க?"

"நம்பரைச் சொல்லு ரமேஷ்."

"சொல்றேன், சொல்றேன். என்னன்னு சொன்னாத்தானே."

"வாஷிங் மிஷின்."

"நமக்குத்தான் இருக்கே?"

"எங்க அம்மாவுக்கு."

"ஓஹோ."

அந்த ஓஹோவை எழுதிக் காட்ட முடியாது. பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். நடுவில் இருமல் வேறு. ஆர்டர் ஆகிவிட்டது. 13,491. சனிக்கிழமை வரும். சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை.

சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் பஸ் இறங்கி வீட்டுப் படி ஏறும்போதே மாமியார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, முகத்தை நிமிர்த்தாமல்:

"எம்புள்ள அங்கிட்டு வெயில்ல கெடந்து காயிறான். அவன் கார்டுல சம்பந்தி வீட்டுக்கு மிஷின் போவுதாம்."

"பில்லு நான்தான் அத்தை கட்டுறேன்."

"கட்டுனா? கார்டு யாரு பேருல இருக்கு?"

இதுதான் இந்த வீட்டுச் சட்டம். யார் காசு என்று யாரும் கேட்பதில்லை. அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாங்கியது. ஃபிரிட்ஜ், மிக்சி, மாடிக்கு மூன்று ஃபேன், எல்லாமே வருகிற போகிறவர்களிடம் "பெரியவன் வாங்கிப் போட்டது". ஒன்பது வருடமாக நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பஸ்சில் போகும்போது மிஷின் எங்கே வருகிறது என்று போனில் பார்த்தேன். டெலிவரி முகவரி: திருக்கோகர்ணம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். திருக்கோகர்ணம்தான். அந்த ஆப்பில் கணக்குத் தொடங்கியதும் அவர் நம்பரில்தான். நம்பர் ரமேஷ் கையில். உள்ளே புகுந்து முகவரியை மாற்றியிருக்கிறான்.

போன் போட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "அம்மாதான் சொன்னுச்சு மதினி. புதுசு இங்க இருக்கட்டும், நம்ம பழசை ஒங்க அம்மாவுக்கு ஆட்டோவுல ஏத்தி விட்டுருவோம்னு. நல்ல ஐடியாதானே?"

எங்கள் பழசு: பதினோரு வருடம். துவைக்கிற பக்கம் ஓடும். பிழிகிற பக்கம் செத்துப்போய் இரண்டு வருடம். கையால்தான் பிழிய வேண்டும்.

பக்கத்து சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் ஏதோ சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் குவைத்திலிருந்து அவர்.

"இதைப் போயி ஏன் பெருசு பண்றே? எங்க அம்மாவும் வயசானவங்கதானே."

"எங்க அம்மாவுக்குக் கை ஒடைஞ்சிருக்குங்க."

"பழசு குடுக்குறோம்ல?"

"அது பிழியாது."

"நீ பணம் கட்டுறேங்குறதுக்காக எல்லாம் ஒன் இஷ்டமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சாப்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஒன்பது வருடப் பழக்கம், வாய் தானாகப் போகிறது. அவர்கள் மேல் உள்ளதைவிட என் மேல்தான் இன்றைக்கு எரிச்சல்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை 10.40. ஆர்டர் கேன்சல். கேன்சல் பண்ணுவதற்கு ஓடிபி கேட்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கட்டும்.

டிராயரைத் திறந்து நீலக் கார்டின் கவரைக் கிழித்தேன். என் பெயர். இனிஷியல் அப்பாவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு பேங்கில் மாற்றச் சொன்னார்கள், சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு.

புதுக் கார்டில் ஆன்லைனில் வாங்குகிற வசதி பூட்டியே வருமாம். பேங்க் ஆப்பில் போய்த் திறந்துவிட்டேன். கடை ஆப்பில் புதுக் கணக்கு, என் நம்பரில். முகவரி கீரனூர். எல்லாம் முடித்துவிட்டு விலையைப் பார்த்தால் 16,290. அந்த மாடலுக்கு சேல் நேற்றோடு முடிந்ததாம். பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் 2,799.

புவனா தலையில் கை வைத்தாள். "ரெண்டாயிரத்து எண்ணூறு தண்டமாப் போவுதே. இன்னொரு சேல் போடுவான், பொறுங்க."

"அதுவரைக்கும் எங்க அம்மா கைகிட்ட யாரு சொல்றது, பொறுன்னு?"

புவனா கரும்பலகை டஸ்டரை எடுத்துக்கொண்டு கிளாசுக்குப் போய்விட்டாள்.

போட்டேன். என் போன் என் கைக்குள்ளேயே கூவியது. ஆறு எண். நானே படித்தேன், நானே அடித்தேன். யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. பிறகு பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எதற்கு அழுகை வந்தது, தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

இன்று வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது: பூனை.

கேன்சல் ஆனது அவர்களுக்குத் தெரியாது. காலையிலேயே ரமேஷ் பழைய மிஷினை இழுத்து வாசலில் போட்டுவிட்டான். புதுசு வைக்கிற இடத்தைக் கழுவி மாமியார் கோலமே போட்டிருந்தார். பதினோரு மணிக்கு, "இன்னுமா வரல?" பன்னிரண்டுக்கு ரமேஷ் போனைப் பார்த்தான். பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் என்னை.

கொஞ்ச நேரத்தில் மாமியார் தன் தங்கையிடம் போனில், எனக்குக் கேட்கட்டும் என்றே: "கேன்சல் பண்ணிட்டாடி! எம்புள்ள பேரையே கேன்சல் பண்ணிட்டா!"

பச்சைக் கார்டைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். "இந்தாங்க அத்தை, ஒங்க புள்ள கார்டு. இதுவரைக்கும் நான் வாங்குனதுக்குக் கட்டிருவேன். மத்ததை நீங்களே கட்டிக்கங்க."

"மத்ததுன்னா?"

"ரமேஷ் இந்தக் கார்டுல எடுத்த போனு. இன்னும் நாலு தவணை இருக்கு."

ரமேஷ் கையில் இருந்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். அந்த முகத்தைப் பார்க்க இன்னொரு 2,799 கொடுக்கலாம்.

பழைய மிஷினை இரண்டு பேருமாக மறுபடி உள்ளே இழுத்தார்கள். கோலம் அழிந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை, ஒருவழியாக. அரை நாள் லீவு. குளத்தூரிலிருந்து கீரனூர், நனைந்துகொண்டே.

ஒன்றரைக்கு டெம்போ. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். மாட்டுகிற ஆள் கூடவே வந்தான், குழாய் இணைத்து, ஓட்டுவது எப்படி என்று காட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். அம்மா அட்டைப் பெட்டியைக்கூடக் கிழியாமல் மடித்து வைத்தாள்.

எதிர்வீட்டுச் சரசக்கா குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "மாப்ள அனுப்புனதா?"

அம்மா: "ஆமா. கை முடியலேன்னு கேட்டதும் அவருக்கு மனசு தாங்கல போல. குவைத்துலேருந்தே போட்டு விட்டுட்டாரு."

நான் இரண்டடி தள்ளி, கையில் பில்லோடு.

"நான் வாங்குனது சரசக்கா. என் கார்டுல. என் சம்பளம்."

சரசக்கா "யாரு வாங்குனா என்னத்தா" என்று சிரித்துவிட்டுக் குடையை விரித்தார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அம்மா பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாட்டி ஒனக்கு என்ன கொறைஞ்சு போவுது? மக காசுல திங்கிறான்னு ஊரு பேசணுமா?"

"பேசட்டும்மா."

"மாப்ளைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

ரமேஷ் கேள்விகள் கேட்டபோது கோபம் வந்தது. மாமியார் கேட்டபோதும் கோபம்தான். இது வலித்தது. யாருக்காக அவ்வளவு சண்டை போட்டேனோ அவளே தூக்கி அவர் பெயரில் எழுதிவிட்டாள், ஒரே வாக்கியத்தில். மூன்றே கால் பஸ்சில் திரும்பினேன். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டுவிட்டு. சம்பளப் பட்டியலில் இரண்டு தப்பு, தலைமையாசிரியரிடம் திட்டு. நியாயமான திட்டு.

அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

"ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல... மாப்ள பொங்கலுக்கு லீவுல வாராருல்ல. அவரு கையால ஓட்டி வச்சா ஒரு மொறையா இருக்கும். பெட்ஷீட் போட்டு மூடி வச்சிருக்கேன்."

பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம்.

"அதுவரைக்கும் துணி?"

"நான் பாத்துக்கிறேன்."

"கை?"

"அது கெடக்கு."

வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

அக்டோபர் 18, சனி

தூறல். முதல் பஸ்சில் கீரனூர். மாமியாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை.

அம்மா குழாயடியில். வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சேலையை இடது கையால் குழாயில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையைவிட மோசம். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பெட்ஷீட்டை இழுத்துத் தரையில் போட்டேன். துணியை உள்ளே கொட்டி, சோப்புத் தூள், மூடி, பட்டன்.

அம்மா அடுப்படியிலிருந்து: "நான் ஓட்டல. கேட்டா நீதான் ஓட்டுனேன்னு சொல்லிருவேன்."

"சொல்லு."

முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து நிறுத்திவிடுவார்கள் என்பது போல. பிழிகிற சத்தம் கேட்டதும் அம்மா வாசல்படியில் வந்து நின்றாள். மிஷின் ஓய்ந்ததும் மூடியைத் திறந்து, இடது கையால் ஒரு சேலையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பத் திரும்பத் தடவினாள்.

உள்ளே போய் அழுக்குப் போர்வை இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இதையும் போட்டுரு. ஆனா மாப்ள வந்து ஓட்டுறவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்லுவேன்" என்றேன்.