நிறைகுடத்தில் ஒருவர்

2007 மே 14
காலையிலிருந்து அடையாள அட்டைப் படத்துக்குச் சனம். எடுத்தேன். ஊர் முகமெல்லாம் இந்த ஸ்ரூடியோவில் இருக்கிறது, இதை நடத்தின என் மனிசன், இவர் முகம் மட்டும் இல்லை. ஆரோ வெள்ளை வான் வண்டியில் இவரை ஏற்றிக்கொண்டு போய் மூன்று கிழமை. முறைப்பாடு எழுதுகிறவர் "படம் இல்லாம ஒண்டும் செய்ய ஏலா" என்கிறார். எங்கள் அல்பம், நெகட்டிவ் எல்லாம் பழுகாமத்து வீட்டோடு எரிந்துபோயின. படம் எடுக்கிறவரை யார் எடுத்தார்கள்?

மே 16
ஸ்ரூடியோச் சுவரில் மாதிரிக்குத் தொங்கும், ஊர்ப் பெண் அன்னப்பூரணியின் கலியாணப் படத்தைத் துடைத்தேன். மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் பித்தளை நிறைகுடம். அதன் மினுக்கத்தில் நெல்லளவு ஒரு ஆள் - இவர்! எடுத்தவர் இவர்தானே! படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது; உரித்தால் போய்விடும். ஸ்கேனரில் மங்கல். இவர் விட்டுப்போன டிஜிட்டல் கமராவில் உள்ள லென்ஸ் கிட்டப் போனால் பிடிக்காது. சின்னதைக் கிட்ட எடுக்கிற மெக்ரோ லென்ஸ் வேண்டும்.

மே 17
கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தேன். "அறுபது மில்லிமீற்றரா, நூறா மிஸ்? என்ன எடுக்கப் போறீங்க, பூச்சியா, மோதிரமா?" ஆள் என்றேன். சிரித்தான். வைத்துவிட்டு அழுதேன்.

மே 18
அழுது என்ன? அறுபது என்றால் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குப் போகவேண்டும்; லென்ஸின் நிழலே குடத்தில் விழும். நூறு தள்ளி நிற்கும், பக்கத்தால் லைற் அடிக்கலாம். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும் கடைக்காரர் பதியுதீன் காக்காவிடம் சொன்னேன். "மறுகா மாத்த ஏலா தங்கச்சி. வடிவா யோசிச்சுச் சொல்லுங்க."
நூறுதான் காக்கா.
பிழையாய்ப் போனால்?

மே 23
காக்காவைக் காணோம். பாதை பூட்டாம். அம்மாளே.

மே 25
வந்துவிட்டார். சோதனைச்சாவடியில் லென்ஸைக் கண்டு மறித்து வைத்திருந்தார்களாம். "பூச்சி எடுக்கவெண்டு சொல்லித் தப்பினன்" என்றார்.
பின்னேரம் அந்தக் குடத்தைப் படமெடுத்துப் பெருப்பித்தேன். தெரிகிறார். சட்டை, முழங்கையை ஒடுக்கி நிற்கிற நிற்பு. மகள் கண்ணகை "அப்பாதான்" என்றாள். முகத்தை மறைத்தபடி கமரா. மூடின ஒரு கண், பாதி வாய். 'சிரிங்க' என்கிற வாய்.
ஏனப்பா, ஒருக்கா அத இறக்கியிருக்கக் கூடாதா?

மே 28
முறைப்பாடு எழுதுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அரை முகத்த வெச்சு ஆரத் தேடுற?" திருப்பித் தந்துவிட்டார்கள்.

யூலை 2
இன்று கண்ணகையை இருத்தி எடுத்தேன். பிறகு கமராவை அவளிடம் கொடுத்துவிட்டு நான் இருந்தேன். "சிரிங்கம்மா" என்றாள். முழு முகம், இரண்டு காதும் தெரிய. என் படத்தை அவள் கையில் கொடுத்தேன்.
"எனக்கெதுக்கும்மா?"
வைத்திரு என்றேன்.