நாலு பேரும் இறங்கிவிட்டார்கள், அக்கா

என்ரை அக்காவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் முதலில் எனக்குச் சொல்லியிருக்கக்கூடிய செய்தி ஒன்று. விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதாம். ஒரே கலத்தில் போன நாலு பேரும், முடிக்க வேண்டிய வேலைகளை விட்டுவிட்டு ஒன்றாகவே பூமிக்கு இறங்கிவிட்டார்கள். போர்கோ வெக்கியோ சந்தையில் மரக்கறி வாங்கும்போது போனில் பார்த்தேன். காசு கொடுக்கவும் மறந்து நின்றேன்.

ஒரேத்தோவில் நீங்கள் வேலை செய்த சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டே விண்வெளி வீடியோக்கள் கேட்பீர்கள். பிறகு எனக்கு விளக்குவீர்கள். ஆட்களைக் கொண்டுபோன கலம் அங்கேயே கட்டி நிற்கும், ஆளுக்கொரு இருக்கையோடு. அதுதான் அவர்களுடைய உயிர் தப்பும் வள்ளம். விண்வெளிக் குப்பை ஏதும் மோத வருகிறதென்றால் எல்லாரும் அதற்குள் போய் இருக்க வேண்டும்.

"கடைசியில ஒண்டும் மோதேல்லைத்தானே? சும்மா போய் இருந்திருக்கினம்," என்று சிரிப்பேன்.

"சும்மா இல்லையடா. மோதின பிறகு ஓட ஏலாது."

போன வருசம் அந்தப் பின்னேரம் நான் சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா வீட்டிலிருந்து கோல் எடுத்தீர்கள். "தம்பி, நெஞ்சு இறுக்கமாக் கிடக்கு. ஒருக்கா காரைக் கொண்டு வாறியே?"

"வாய்வா இருக்கும் அக்கா. இஞ்சித் தண்ணி குடியுங்கோ. வேலை முடிய வாறன்."

"ஓம், ஓம். நீ வேலையைப் பார்."

ஏன் என்னை ஏசவில்லை? அம்புலன்சைக் கூப்பிடுங்கோ என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லையே. நான் வந்தபோது சிஞ்ஞோரா வாசலில் அழுதுகொண்டு நின்றா. உங்களைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

போன கிழமை என்னோடு வேலை செய்கிற அன்ரன் நெஞ்சு எரியுது என்றான். கூடையை அப்படியே விட்டுவிட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "வீணா ஒரு நாள் போச்சு," என்றான். போகட்டும் என்றேன். திரும்பும்போது காரைச் சிஞ்ஞோரா வீட்டு வாசல் வழியாகத்தான் ஓட்டி வந்தேன்.

உங்கள் மகள் ஆரணிக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டது இன்னும் தெரியாது. "அம்மா ஒருதருக்கும் சொல்லேல்லை மாமா. சொல்லியிருந்தா நீங்கள் ஓடிப் போயிருப்பீங்கள்," என்று அவள்தான் என்னைத் தேற்றுகிறாள். நானும் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன்.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போறன். நீங்கள் கூப்பிட்டதையும் நான் வராததையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் சொல்லுவேன், அக்கா.

நீங்கள் கூப்பிட்டும் வராத,
உங்கள் தம்பி