ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

தோழிக்கு,

சண்டை போட்டு நீ நம் பறவைச் சங்கத்தை விட்டுப் போன பிறகும், வேடசந்தூர்ப் பக்கத்துக் குளத்தில் வாராவாரம் பறவைகளைக் கணக்கெடுக்கிறேன். இடம், நேரம், எத்தனை பேர் பார்த்தோம் என்பதெல்லாம் நான் இணையத்தில் போடும் பட்டியலில் இருக்கும்.

குளத்து மண்ணைத் திருடுகிறவன் மேல் புகார் கொடுத்தேன். புகாரை வாங்கிய அதிகாரியே அவனிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். வெட்கங்கெட்ட ஊர்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் அவன் போனைக் காட்டிச் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு ஒத்தையில நிப்பியாம்ல தாயி? நீயேதான் எழுதி வச்சிருக்க."

நான் போகாவிட்டால், நாரைக் குஞ்சுகள் இருக்கும் கருவேல மரங்களையும் சேர்த்துச் சாய்த்துவிடுவான். போவேன். பயமில்லை என்று நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன்.

சனிக்கிழமையே வந்துவிடு. திட்டுவதை வந்து திட்டு.

சங்கத்தில் மிச்சமிருப்பவள்