பாண்டி பஜாரில் போன மயில்கழுத்து முக்காடு

மீர்சாகிப்பேட்டை,
சென்னை.

அன்பு மகள் ஜஹனாராவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கண் ஆபரேஷன் ஆன பிறகு எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியின் கரைகூடத் தெரிகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், இல்லையென்றால் அழுவாய், நானும் இளகிவிடுவேன். அதனால்தான் நாலாவதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது. அடுத்த தெரு ஹம்மாத் வெள்ளிக்கிழமை மஸ்கட் புறப்படுகிறான், அவன் கையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் ஊறுகாயைத் திற.

நேற்று அஸர் தொழுதுவிட்டு எழுந்தால் உன் மகள் சிம்ரா தன் ஷால்களை எல்லாம் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அதட்டிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள், அம்மா டிக்கெட் போட்டாச்சாம் நன்னி, இந்தப் பரீட்சையோட காலேஜ் போதுமாம் என்று. என்னை நம்பித்தானே பிள்ளையை என் வீட்டில் விட்டு நந்தனம் காலேஜில் சேர்த்தாய்? நிறுத்தும்போது மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? யார் பேச்சைக் கேட்டு ஆடினாய் என்றும் தெரிந்துகொண்டேன். என் நாத்தனார், உன் அருமை மாமி அஸ்மத்துன்னிசா. அவள் மகன் அப்துல் சமத் பாண்டி பஜார் சிக்னலில் காரில் உட்கார்ந்துகொண்டு பிளாட்பாரத்தில் போன இரண்டு பெண்களைப் பின்னாலிருந்து போட்டோ பிடித்திருக்கிறான். ஒருத்தி கறுப்புப் புர்கா, இன்னொருத்தி மயில்கழுத்து நிறத்தில் ஷால், அதில் அடுக்கடுக்காக மடிப்பு, தோளில் ஒரு முத்துப் பின். அதை அவள் உனக்கு அனுப்பி, பாவம் உங்கம்மா மைமூன், கறுப்பு போட்டுக்கினு எவ்ளோ அடக்கமா போறா, பக்கத்துல உன் மவ மினுக்கிக்கினு போறா பாரு, இது முக்காடா ஃபேஷன் ஷோவா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான் என்று ஓதியிருக்கிறாள். நீயும் அதை அப்படியே வாங்கி அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டியிருக்கிறாய்.

இப்போது காதைக் கொடுத்துக் கேள். அந்த மயில்கழுத்து ஷாலில் போனது நான். கறுப்புப் புர்காவில் அடக்கமாகப் போனாளே, அவள்தான் உன் மகள்.

கண்ணாடி வாங்கப் போனோம். பரீட்சைக்குப் படிக்கிற அவசரத்தில் இஸ்திரி போட நேரமில்லை என்று சிம்ரா என் பழைய புர்காவை மாட்டிக்கொண்டாள். எனக்கு முக்காடு நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒரு கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் படிக்கட்டில் எதைப் பிடிப்பது? அவள்தான் உட்காருங்க நன்னி என்று உள்ளே ஒரு தொப்பி மாதிரி மாட்டி, மேலே அவள் ஷாலைச் சுற்றி, தோளில் பின் குத்திவிட்டாள். காது, கழுத்து, மார்பு எல்லாம் மூடியாகிவிட்டது, காற்றடித்தாலும் அசையவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு பாண்டி பஜாரில் நடந்தேன், போட்டோவில் கை வீசுவது தெரியும் பார். நீ திட்டும்போது அது நன்னிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சிம்ராவைக் கேட்டேன். சொன்னா அஸ்மத் நன்னி உங்களை ஊரெல்லாம் இழுத்துப் பேசுவாங்க, என்னைப் பேசினா பேசிட்டுப் போகட்டும் என்றாள். படிப்பே போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்ற பிள்ளை அது. அதையா நீ அடக்கமில்லாதவள் என்றாய்?

மறைப்பு மறைப்பு என்கிறாளே உன் மாமி, என்னோடு ஒரே அடுப்பங்கரையில் மல்லுக்கு நின்றவள், என் நடையைத் தெரியாதா அவளுக்கு? அவளாலேயே கிழவி யார், குமரி யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதைவிட ஒரு பெண் எப்படியம்மா மறைத்துக்கொள்வது? நிறம்தான் குற்றமா? நான் கல்யாணமாகி வந்தபோது இந்தத் தெருவில் யார் கறுப்பு போட்டார்கள்? எல்லாம் வெள்ளைத் துப்பட்டிதான், அதில் பூப்போட்டதும் உண்டு. அந்தத் துப்பட்டியில் நான் வாசலில் வந்து நின்றதற்கு, இன்னாடி இது, மாவு மூட்டை நடந்து வருதுன்னு பார்த்தேன், நீயா என்று அத்தனை பேர் முன்னால் சிரித்தவள் அவள். நான் மறக்கவில்லை. உன் நிக்காஹ்வில் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற நெட் புடவையில் வந்து பிரியாணியில் கறி போதவில்லை என்றதும் அவள்தான், அதையும் மறக்கவில்லை. இப்போது கறுப்புக்கு மாறிவிட்டாள், சரி, ஆனால் அந்தப் புர்காவின் கையில் பதித்திருக்கிற கல் அடையாறு பாலத்தில் நின்று பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும். உன்னையும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஜிகினா வைத்த நெட் துப்பட்டா வேண்டும் என்று தி.நகர் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாயே. உன் அத்தா மனசு கேட்காமல் வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேனா, உன் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேனா? உட்கார்ந்து உள்ளே மல் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஆசைக்கு ஆசை, மறைப்புக்கு மறைப்பு.

பேத்தி என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் என்று என்னை நினைக்காதே. பின்னால் பெரிய கிளிப்பை வைத்து ஒட்டகத் திமில் மாதிரி கொண்டையை உயர்த்திக் கட்டினாள், அந்தக் கிளிப்பைக் குப்பையில் போட்டவள் நான்தான். உடம்பைப் பிடிக்கிற துணி, கண்ணாடி மாதிரித் தெரிகிற துணி, தெருவே திரும்பிப் பார்க்கிற சென்ட், மூன்றும் என் வீட்டு வாசலைத் தாண்டாது. அதற்குள் அவள் எந்த நிறத்தில் கட்டினால் என்ன, எத்தனை மடிப்பு வைத்தால் என்ன? ரோட்டில் போகிற பெண்ணைக் காரிலிருந்து போட்டோ பிடித்தானே அப்துல் சமத், அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? பார்வையைத் தாழ்த்திக்கொள் என்று அல்லாஹ் முதலில் ஆம்பிளைக்குத்தான் சொன்னான், பொம்பளைக்குச் சொன்னது அதற்கு அடுத்த ஆயத்தில். பயானில் ஹஜ்ரத் சொல்லி நான் கேட்டது, எனக்கு எதுவும் மறக்காது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய். சிம்ராவுக்கு நீயே போன் போட்டு, தப்பு என்னுடையதுதான் கண்ணு, நீ படி என்று உன் வாயால் சொல். மாப்பிள்ளையைச் சொல்ல விடாதே, திட்டியது நீ. பெட்டியிலிருந்த ஷால்களை நான் எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டுவிட்டேன். ரத்து செய்ய மனசில்லை என்றால் அவளுக்குப் பதில் நானே புறப்பட்டு வருகிறேன், அதே மயில்கழுத்து ஷாலில். ஏர்போர்ட்டில் என் முதுகைப் பார்த்து மகளே என்று ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்.

கோபத்தில் எழுதினாலும் நீ என் வயிற்றில் பிறந்தவள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிந்துகொள்ளும் கண்ணையும் தரட்டும். வெயிலில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மைமூன் பீவி

இன்னொன்று. போட்டோவில் இருப்பது நான்தான் என்று உன் மாமியிடம் மூச்சு விடாதே. அடுத்த மாதம் அவள் பேரனுக்கு அடையாறு மண்டபத்தில் வலிமா விருந்து. அதே ஷாலில், அதே முத்துப் பின்னோடு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி நானே சலாம் சொல்லப் போகிறேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் அல்லாஹ் எனக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.