தண்ணீர் கேட்கும் பெண்

புருசெத், ஒக்டோபர் 2006

இஞ்சருங்கோ,

அங்கே வடக்கில், பாட்ஸ்பியோர்ட்டில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போர்ச் செய்தியாளராக இருந்த காலத்தைப் பற்றி எழுதிய கதைகளை மகள் யதுர்ஷாவும் நண்பர்களும் நாடகமாக்குகிறார்கள் என்றதும், சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று அவசரமாகப் புறப்பட்டீர்கள். நடிக்க ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். நீங்கள் எனக்கு ஒருநாளும் வாசிக்கத் தராத கதைகளை அப்போதுதான் வாசித்தேன்.

ஷெல் விழுந்த சந்தையில் காயப்பட்டுக் கிடக்கும் பெண் நான். செய்தியாளரிடம் தண்ணீர் கேட்பேன். அவன் படம் எடுத்துக்கொண்டே இருப்பான். அவள் செத்துப்போவாள்.

அவளுடைய இடது கையில் எண்ணெய் சுட்ட தழும்பு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

என் அக்காவின் சாவுச் செய்தியோடுதான் நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஷெல் விழுந்த உடனேயே உயிர் போய்விட்டது என்றீர்கள். பத்தொன்பது வருடமாக அதை நம்பித்தான் நித்திரை கொண்டேன்.

நேற்று ஒத்திகையில், "தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று கேட்டேன். செய்தியாளராக நடிக்கும் பிரவீணன் கமெராவைக் கீழே வைத்துவிட்டுப் போத்தலோடு ஓடி வந்தான்.

"என்னால ஏலாது அன்ரி. இந்தக் காட்சியை மாத்துவம்."

"வேண்டாம். எழுதினபடியே செய்வம்" என்றேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நாடகம். விமான டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். நான் தண்ணீர் கேட்கும்போது நீங்கள் முன் வரிசையில் இருக்க வேண்டும். எழும்பி வெளியே போகக் கூடாது.

இன்னும் உங்கள் வீட்டில் இருப்பவள்