கழற்றி ஒளித்த முன் சாஃப்ட்

மாப்ள,

நேற்று உன் மகன் தன் புதுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனான். மழை பெய்து ஊறிய களிமண் பாதை. வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கும் லீவர் எங்கே என்று தேடினேன். அவன் சிரித்தான்.

"இதுல லீவரே கிடையாது மாமா. நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கும். எந்தச் சக்கரத்துக்கு எம்புட்டுன்னு வண்டியே பாத்துக்கிரும்."

அதோடு விட்டிருக்கலாம். "அன்னைக்கு இந்த மாதிரி வண்டி இருந்திருந்தா அப்பத்தா பொழைச்சிருக்கும். உங்களுக்கு லீவர் போடத் தெரியாமப் போச்சுன்னு அப்பா சொல்வாரு" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் உன்மேல் எரிகிறது.

எனக்கா லீவர் போடத் தெரியாது?

ராணுவ ஏலத்தில் நாம் சேர்ந்து எடுத்த அந்த ஜீப்பை ஓட்டியவன் நான். சிம்மக்கல்லில் மூட்டை ஏற்றி ஊர் ஊராக இறக்கியவன் நான். சாதாரணமாகப் பின்சக்கரங்கள்தான் தள்ளும். சகதி வந்தால் லீவரை இழுக்க வேண்டும், முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் ஸ்டியரிங் மல்லுக்கட்டும், டயர் தேயும். "லீவரை எடுத்துட்டியா மாப்ள" என்று நீ பக்கத்தில் இருந்து நச்சரிப்பாய். நீ கேட்பதற்குள் எடுத்திருப்பேன்.

அத்தைக்கு மார்வலி வந்த அன்று, அந்த வருஷத்து முதல் மழை கொட்டித் தீர்த்திருந்தது. கல் பாதையில் சுற்றிப் போகலாமா என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, கண்மாய் வழியாவே போ" என்றாய். கரை இறக்கத்தில் பின்சக்கரங்கள் புதைந்தன. லீவரை இழுத்தேன். முன்சக்கரங்கள் அசையவில்லை. பின்னால் பெற்றவளை மடியில் கிடத்திக்கொண்டு, "நல்லா இழு மாப்ள, நல்லா இழு" என்று கத்தினாய். மாட்டு வண்டி பிடித்து ஏற்றினோம். தார் ரோட்டைத் தொடுவதற்குள் அத்தை போய்விட்டாள்.

"லீவர் போடத் தெரியாதவன் கையில வண்டியக் குடுத்தா" என்று துக்க வீட்டிலேயே பேசினார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

மறுநாள் ஜீப்பை இழுத்து வந்ததும் அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் இரும்புத் தண்டு, அந்த முன் சாஃப்டே இல்லை. மெக்கானிக்கிடம் ஓடினேன். "உங்க மாப்ளதாண்ணே கோடையில கழட்டச் சொன்னாரு. சும்மா சுத்திப் பெட்ரோலைக் குடிக்குதாம்" என்றான். உன் மாட்டுக் கொட்டத்தில் வைக்கோலுக்கு அடியில் அது கிடந்தது. யார் கண்ணிலும் படாமல் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். மூன்று நாள் நீ சோறு தொடவில்லை. உன்னிடம் எப்படிக் கேட்பேன்?

கழற்றியதற்கு எனக்குக் கோபமில்லை. அப்போது பலரும் செய்த காரியம். அன்று பதற்றத்தில் உனக்கு மறந்தே போயிருக்கலாம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருஷம்? என் வீட்டில் சாப்பிட்டாய், என் மகள் கல்யாணத்தில் பந்தலைத் தாங்கி நின்றாய். அந்த ஊர் என்னை மறுபடி ஸ்டியரிங் தொட விடவில்லை, அதையும் பார்த்தாய். ஒரு நாள் வாயைத் திறந்து "நான்தான் மாப்ள" என்று சொல்லியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன். நீ சும்மா இருந்ததைக்கூடப் பொறுத்தேன். பிள்ளையிடம் பொய்யைச் சொல்லி வளர்த்திருக்கிறாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நேற்று உண்மை வாய்வரை வந்தது. ஆனாலும் "ஆமாடா, தெரியாமப் போச்சு" என்றேன்.

சாஃப்ட் கோச்சடை வீட்டில் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வருகிறான். எடுத்து அவன் முன்னால் போடுவேனா, தெரியாது. இன்று காலையிலும் துருப்பிடிக்காமல் அதற்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.