பின்சுவருக்குக் கட்டைப் பலகைதான்

“பஞ்சுப் பலகையே போதும்!” என்று நீங்களும் “உங்க மந்தக் காதுக்குக் கட்டைப் பலகைதான்!” என்று நானும் காலையில் ஒரே நேரத்தில் கத்தியதில், மாட்ட வந்த தச்சர் இரண்டையும் நம் வீட்டுச் சினிமா அறையில் வைத்துவிட்டு நழுவிவிட்டார்.

நீங்கள் குளிக்கப் போனதும் படத்தைப் போட்டு, பின்சுவரோரம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்சு சுவரில் பட்டுத் திரும்பிக் குழம்பியது. எனக்கே ஒரு வசனமும் புரியவில்லை. பஞ்சுப் பலகையைச் சுவரில் சாய்த்தேன், குரல் அமுங்கியது. மேடும் பள்ளமுமாகக் கட்டை ஒட்டிய பலகையைச் சாய்த்ததும் முணுமுணுப்புகூடத் தெளிவாகக் கேட்டது. பாவம், உங்கள் காதை வீணாக வைதேன். நான் சிரித்த பிறகே நீங்கள் சிரிப்பது ஏனென்றும் புரிந்தது.

தங்கை வீட்டுக்குப் போகிறேன். தச்சர் வந்தால் கட்டைப் பலகையை மாட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடு ஃப்ரிட்ஜில். சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

ஏங்க, சாயங்காலம் படம் பார்க்கறப்ப யார் முதல்ல சிரிக்கிறாங்கன்னு பார்த்துடலாமா?